பார்க்காமல் எழுதியதற்குச் சாட்சி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் பணிவான வணக்கம். நானும் வீட்டுக்காரி அவளும் சுகம். மாடிப்படி ஏறும்போது மட்டும் என் இடது முழங்கால் தன் கருத்தைச் சொல்கிறது. இறங்கும்போது பேசாமல் இருக்கிறது. உங்கள் காது எப்படி இருக்கிறது? புதிய கருவி பொருந்திவிட்டதா? போன வாரம் தொலைபேசியில் நீங்கள் "என்ன, என்ன" என்றதும் நான் "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்றதுமாகவே நேரம் போய்விட்டது. அதனால் நம் வழக்கப்படி தபாலையே நம்புகிறேன்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். எல்லோரும் சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் நான் கட்டுரைகள் திருத்திக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். நூலகத்தில் இருந்த காலமெல்லாம் பட்டியல் போட்ட கை, ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்க மறுக்கிறது. என்னை அங்கே நிர்வாகியாகவும் ஆக்கிவைத்திருக்கிறார்கள். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுரையை நீக்க ஒரு பொத்தான், நீக்கியதை மீட்க ஒரு பொத்தான், மற்றவர்களுக்கு இல்லாத இந்த இரண்டும் எனக்கு உண்டு. நான் இதுவரை இரண்டையும் தொட்டதில்லை.

இப்போது ஒரு வேலை வந்து சேர்ந்திருக்கிறது. வேறெங்கிருந்தோ நகலெடுத்தது, பதிப்புரிமை மீறல் என்று நீக்கப்படும் கட்டுரைகளில் சில, உண்மையில் சொந்த எழுத்தாக இருந்துவிடுகின்றன. அப்படித் தவறாக நீக்கப்பட்டவற்றைக் கண்டுபிடித்து மீட்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. மற்றவர்கள் மௌனத்தை மறுப்பு என்று எடுத்துக்கொண்டவர்கள், என் மௌனத்தை மட்டும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அவளிடம் சொன்னேன். "நிர்வாகி ஆகி இத்தனை நாளாச்சு. ஒரு கொசுவையாவது நீக்கியிருக்கீங்களா? நீங்க போய் மத்தவங்க நீக்கினது தப்புன்னு சொல்லப்போறீங்களா?" என்று சிரித்தாள். அவள் கேட்டது நியாயம்தான். எனக்கு இது ஏற்ற வேலையா என்று உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வணக்கத்துடன்,
தம்பி


ஜனவரி 28

என் அருமைத் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. நான் நல்லாத்தான் இருக்கேன். காதுக் கருவி நல்லா வேலை செய்யுது, தேவைக்கு மேலயே. மருமக அடுக்களையில முணுமுணுக்கிறதுகூடக் கேக்குது. இத்தனை நாள் என்னைத்தான் திட்டுறான்னு நினைச்சேன். பாட்டுப் பாடிட்டு இருந்திருக்கா. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடு. ஏறும்போதுதானே வலி? அப்ப நல்ல காலை முதல்ல வை. இதை நான் உனக்கு நாலு தடவை எழுதியாச்சு. கலைக்களஞ்சியத்துல போட்டாத்தான் படிப்பே போல.

வேலையைப் பத்திக் கேட்டிருந்தே. உனக்கு ஏத்ததான்னு கேட்டா என்ன சொல்ல? நீ பஸ்ல நம்ம சீட்டுல வேற ஆள் உட்கார்ந்திருந்தாக்கூட, நம்ம டிக்கெட்டு தப்போன்னு பார்க்கிற ஆள். ஆனா அப்படிப்பட்ட ஆள்தான் இதுக்கு வேணுமோ என்னமோ. எடுத்தேன் கவிழ்த்தேன்னு செய்யறவங்கதானே நீக்கிட்டுப் போயிருக்காங்க.

ஒண்ணு கேட்கணும். ஒருத்தர் எழுதினதைத் திருட்டுன்னு சொல்லி எடுத்துட்டா, அந்த ஆள் என்ன செய்யணும்? யாருகிட்டப் போய் முறையிடணும்? பேசாம இருந்துட்டா என்ன ஆகும்? கம்ப்யூட்டர் பக்கமே போகாதவளுக்கு எதுக்கு இதெல்லாம்னு நினைக்காதே. சும்மாதான் கேட்கிறேன், பொழுது போகலை.

உன் வீட்டுக்காரம்மாவுக்கு என் விசாரிப்பைச் சொல்லு. அவ கேள்வி எனக்குப் பிடிச்சிருந்தது.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு இருவரும் நலம். நல்ல காலை முதலில் வைக்கிறேன். எது நல்ல கால் என்பதில்தான் இப்போது சந்தேகம் வருகிறது.

பொழுதுபோகாமல் கேட்டீர்கள் என்றாலும், ஒழுங்காகவே பதில் எழுதுகிறேன். நீக்கப்பட்டவர் அதற்குரிய பேச்சுப் பக்கத்தில் தன் தரப்பை எழுதலாம். எழுதினால் ஒரு நிர்வாகி பரிசீலிப்பார். பேசாமல் இருந்துவிட்டால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே ஆகிவிடும். பல கட்டுரைகள் அப்படிப் போயிருந்தால், நகலெடுப்பவர் என்ற பட்டியலில் அவர் பெயர் ஏறும். பிறகு எழுத அனுமதி கிடையாது.

இப்போது என் முன்னால் இருப்பதே அப்படி ஒரு வழக்குதான். பஞ்சுருண்டை என்ற புனைபெயரில் ஒருவர் பதினொரு கட்டுரைகள் எழுதியிருக்கிறார். எல்லாம் காயத்துக்குக் கட்டுப்போடும் முறைகள்: சுருள்கட்டு, எட்டு வடிவில் சுற்றிவரும் எட்டுக்கட்டு, கையைத் தூக்கிக் கட்டும் தொங்குகட்டு, இப்படி. பதினொன்றும் ஒரே நாளில் நீக்கப்பட்டுவிட்டன. நீக்கியவர் எங்களில் மிகச் சுறுசுறுப்பானவர். எல்லோரும் அவரைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் அந்தப் பெயர் பிடிக்கும். கெட்டவர் அல்ல. களை எடுக்கும் வேகத்தில் சில சமயம் பயிரும் வந்துவிடும்.

ஆனால் இங்கே கத்தரியிடம் ஆதாரம் இருக்கிறது. ஒரு மருத்துவத் தளத்தில் இதே கட்டுரைகள் ஏறக்குறைய வரிக்கு வரி இருக்கின்றன. அந்தத் தளத்தின் அடியில் போட்டிருக்கும் ஆண்டு, பஞ்சுருண்டை எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முந்தியது. பஞ்சுருண்டையோ தன் தரப்பில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறார்: "நான் யாரையும் பார்த்து எழுதவில்லை." அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மே மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

மருத்துவமனை வார்டுகளில் வேலை பார்த்தவர் நீங்கள் என்பதால் ஒரு உதவி கேட்கிறேன். நீக்கிய கட்டுரையை வெளியே தரக்கூடாது. அதனால் அந்தத் தளத்தில் இருக்கும் எட்டுக்கட்டுப் பக்கத்தை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இதை வேலை தெரிந்த ஒரு நர்ஸ் தன் அனுபவத்திலிருந்தே எழுதியிருக்க முடியுமா, அல்லது பாடநூல் வாசனை அடிக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். என்னால் ஒன்றும் தீர்மானிக்க முடியவில்லை.

வணக்கத்துடன்,
தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

ஆசிகள். பதில் எழுத நாளாயிடுச்சு. கொஞ்சம் சளி. வேற ஒண்ணுமில்லை.

நீ அனுப்பினதைப் படிச்சேன். எழுதினவளுக்கு வேலை தெரிஞ்சிருக்கு. அதுக்கு மேல நான் என்ன சொல்ல? நான் படிப்பாளி இல்லை.

ஆனா ஒண்ணு. நாலாவது பத்தியில "கட்டு முடியும்போது கால்விரல் நுனிகளை முழுவதும் மூட வேண்டும்"னு போட்டிருக்கே, எந்தப் புண்ணியவான் எழுதினது அது? விரலை மூடிட்டா, கட்டு இறுகி ரத்தம் ஓடாம நுனி நீலமாகிறது எப்படித் தெரியும்? விரல் நுனியைத் திறந்து விடுன்னு முதல் நாள் வார்டுல சொல்லிக் குடுக்கிற பாடம்டா அது. மத்த எல்லாத்தையும் இவ்வளவு பதமா எழுதின கை இந்த ஒரு வரியை எழுதியிருக்காது. எவனோ நடுவுல புகுந்து கெடுத்திருக்கான். ஒரு பிள்ளையோட காலு போயிருமேன்னு எனக்குப் பகீர்னு இருந்துச்சு.

அவ்வளவுதான். அந்தத் தளத்துக்காரனுக்கு எழுதி அந்த வரியையாவது மாத்தச் சொல்லு. யார் எழுதினதுங்கிறது அப்புறம்.

உன் வீட்டுக்காரம்மாவைக் கேட்டதாச் சொல்லு.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சளி விட்டதா? இங்கு நலம்.

தளத்துக்காரருக்கு அன்றே எழுதிவிட்டேன். பதில் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தின் அந்த ஒரு பத்தி என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரலாறு உண்டு. எவர், என்று, எந்தச் சொல்லை மாற்றினார் என்பதெல்லாம் அதில் நிற்கும். கட்டுரையை நீக்கிய பிறகும் நிர்வாகிகள் மட்டும் அதைப் பார்க்கலாம். போய்ப் பார்த்தேன். பஞ்சுருண்டை முதலில் எழுதியது: "விரல் நுனிகள் வெளியே தெரியும்படி விட வேண்டும்." பிற்பாடு ஒரு நல்லெண்ணக்காரர் வந்து, கட்டு அழகாகத் தெரிய வேண்டும் என்று காரணம் சொல்லி, அதை "முழுவதும் மூட வேண்டும்" என்று திருத்தியிருக்கிறார். சில நாள் கழித்துப் பஞ்சுருண்டை திரும்பி வந்து, "விரலை மூடாதீர்கள், ஆபத்து" என்று குறிப்பெழுதிப் பழையபடி ஆக்கியிருக்கிறார்.

அக்கா, அந்தத் தளத்தில் இருப்பது நடுவில் இருந்த தப்பு வரி! அப்படியென்றால் அவர்கள் அந்தச் சில நாட்களுக்குள் வந்து எங்களிடமிருந்து எடுத்துப்போயிருக்கிறார்கள். நெல்லை அள்ளும்போது கல்லையும் சேர்த்து அள்ளியிருக்கிறார்கள். அடியில் இருக்கும் ஆண்டு, கடை திறந்த ஆண்டு. சரக்கு வந்த ஆண்டு அல்ல. முகப்புப் பக்கத்தின் ஆண்டை நம்பாதே, அச்சான ஆண்டைத் தேடு என்று நூலகத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். எனக்கே தோன்றவில்லை. மற்றப் பத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை எல்லாம் அப்படியே பொருந்துகின்றன. என் கணக்கில் பிழை இருக்கலாம். மறுபடியும் பார்க்கிறேன்.

இன்னொன்று. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. சுருள்கட்டுக் கட்டுரையில், "கடைசியில் நான்கு விரல் வால்மிச்சம் விட்டுச் செருக வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. வால்மிச்சம். பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போடும்போது, மடிப்பதற்கு விடும் காகிதத்தை நம் அம்மா அப்படித்தான் சொல்வார். எல்லா அகராதியும் புரட்டிவிட்டேன், எதிலும் இல்லை. உலகம் பெரியது, வேறு யாருக்கும் இந்தச் சொல் தோன்றியிருக்கலாம்தான்.

பொதுவாக ஒரு கேள்வி. தனக்கு வேண்டியவர் சம்பந்தப்பட்ட வழக்கில் நிர்வாகி தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. அப்படி ஒரு நிர்வாகிக்கு நேர்ந்தால், அவர் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? பொதுவாகத்தான் கேட்கிறேன்.

வணக்கத்துடன்,
தம்பி


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். என் போன கடிதம் கிடைத்ததா? கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன். தபால் இப்போதெல்லாம் முன்போல் இல்லை.

வீட்டுக்கு அழைத்தேன். நீங்கள் தூங்குவதாக மருமகள் சொன்னாள். மறுநாளும் தூங்குவதாகச் சொன்னாள். மூன்றாம் முறை நான் அழைத்தபோது, "அவங்க தூங்கறாங்கன்னு சொல்லச் சொன்னாங்க மாமா" என்றாள். நல்ல பெண்.

நான் கேட்டதில் ஏதாவது மனவருத்தம் இருந்தால் மன்னியுங்கள். அவள் என்னைத் திட்டுகிறாள். "அகராதியைப் புரட்டினீங்களே, அக்கா மனசைப் புரட்டிப் பார்த்தீங்களா?" என்கிறாள்.

மாதக் கடைசி நெருங்குகிறது. நலமாக இருப்பதாக ஒரு வரி எழுதினாலும் போதும்.

தம்பி


மே 15

தம்பிக்கு,

ஆசிகள். கடிதம் கிடைச்சுது. தபாலைக் குறை சொல்லாதே, பாவம்.

ஆமாம். நான்தான்.

கம்ப்யூட்டர் பக்கமே போகாதவள்னு பொய் சொன்னேன். மருமக சிலேட்டு மாதிரி ஒண்ணு, டேப்லெட்டாம், வாங்கிக் குடுத்தா. முதல்ல பேத்தி போட்டோ பார்த்தேன். அப்புறம் நீ எங்க எழுதுறேன்னு தேடிப் பார்த்தேன். தம்பி பேரு கலைக்களஞ்சியத்துல வருதுன்னு பக்கத்து வீட்டு அம்மாகிட்டப் பெருமை பேச வேண்டியிருந்துச்சு. பார்த்தா, அங்க கட்டுப்போடறதைப் பத்தி ஒரு வரிகூட இல்லை. கை சும்மா இருக்குமா? ஒருநாள் நல்லா எழுதி முடிச்சப்புறம் உன்கிட்டக் காட்டலாம்னு இருந்தேன். அதுக்குள்ள திருட்டுன்னு பலகை மாட்டிட்டாங்க. அந்தப் பலகையோட உன் முன்னாடி எப்படி வந்து நிற்க?

ஏன் ஒரு வரியோட நிறுத்திட்டேன்னு கேட்பே. இந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்லை. எட்டாம் வகுப்புல மழையைப் பத்திக் கட்டுரை எழுதச் சொன்னாங்க. எழுதிக் குடுத்தேன். டீச்சர் எல்லார் முன்னாலயும் எழுப்பி, "யாரைப் பார்த்து எழுதினே?"ன்னாங்க. நல்லா இருந்ததுதான் என் மேல குத்தம். "யாரையும் பார்க்கலை டீச்சர்"னேன். "அதை நிரூபி"ன்னாங்க. நீயே சொல்லு, பார்த்து எழுதினதுக்குச் சாட்சி இருக்கும். பார்க்காம எழுதினதுக்கு என்ன சாட்சி இருக்கும்? அன்னைக்கும் அந்த ஒரு வரிதான் சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் நின்னேன்.

இப்ப உன் பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில். அந்த நிர்வாகி, தம்பிங்கிற உறவுல அவளைக் காப்பாத்தக் கூடாது. நிர்வாகியோட அக்கா, அதனாலதான் விட்டுட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தன் சொன்னா, அது திருட்டுப் பட்டத்தைவிடக் கேவலம். என் எழுத்து என் எழுத்துன்னு நிக்கணும். உன் பின்னால ஒளிஞ்சு நிக்கக்கூடாது. என் பேரையோ உறவையோ அங்க போடாதே. முடிஞ்சா செய், முடியாட்டி விட்டுரு.

சளி போயிடுச்சு.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதினொண்ணு எழுதியிருக்காங்க, நமக்கு ஒண்ணுகூடத் தெரியலையே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இப்ப என்ன, இதையும் மறுபடி ஒரு தடவை பார்க்கிறேன்னு சொல்லப்போறீங்களா?" என்றாள்.

பார்க்கவில்லை. செய்துவிட்டேன். என்ன செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன், கோபிக்காமல் கேளுங்கள்.

உறவைச் சொல்லாமலே தீர்ப்பும் சொல்லியிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பிற்பாடு எப்போதாவது தெரிந்தால், உங்கள் எழுத்துக்கு நான் வைத்த முத்திரையே உங்களுக்கு எதிரியாகிவிடும். அதனால் பரிசீலனையிலிருந்து விலகினேன். பொதுப் பக்கத்தில் இப்படி எழுதினேன்: "இக்கட்டுரைகளை எழுதியவர் எனக்கு உறவு. ஆகவே நான் முடிவு சொல்ல இயலாது. வரலாற்றில் நான் கண்டவற்றைக் கீழே வைக்கிறேன். முடிவை வேறு நிர்வாகி சொல்லட்டும்." பெயரைப் போடவில்லை. என்ன உறவு என்றும் போடவில்லை. உறவு என்ற ஒரு சொல்லை மட்டும் தவிர்க்க முடியவில்லை. அதன் கீழே பதினொரு கட்டுரைகளிலிருந்தும் ஒப்பிட வேண்டிய வரிகளை மட்டும் அருகருகே வைத்தேன், முதலில் எழுதியது, பிறர் மாற்றியது, தளத்தில் இருப்பது என்று. விரல் நுனி வரிதான் முதலில் நிற்கிறது.

கத்தரி உடனே வந்துவிட்டார்.

"ஐயா, உறவுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் நீங்க சொல்றதை நான் எப்படி நம்புறது?"

"நான் சொல்வதை நம்ப வேண்டாம். அந்த வரியைப் பாருங்கள்" என்று எழுதினேன். எழுதியது நான்தானா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. நான் யாருக்கும் இப்படி எதிர்த்து எழுதியதில்லை.

"பார்க்கிறேன். ஆனா என்ன உறவு? அதைச் சொல்லாம பாதி சொல்றது சரியில்லையே. நாளைக்கு எல்லாரும் என்னைத்தான் கேட்பாங்க."

அதற்கு நான் பதில் எழுதவில்லை. உங்களுக்கு வாக்குக் கொடுத்த மாதிரி. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் சங்கடம். நான் விலகியதால் கெடுவை ஜூன் கடைசி வரை நீட்டியிருக்கிறார்கள். பக்கம் அப்படியே நிற்கிறது. நான் தினமும் திறந்து பார்த்து மூடுகிறேன்.

வணக்கத்துடன்,
தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

ஆசிகள். இது உன் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே நான் செஞ்சது உனக்குத் தெரிஞ்சிருக்கும். திட்டறதா இருந்தா அடுத்த கடிதத்துல திட்டு. இந்தக் கடிதத்துக்குப் பதிலாத் திட்டாதே.

நீ வெச்ச பக்கத்தை மருமகளைப் படிக்கச் சொன்னேன். நீலத்துல ஒண்ணு, கறுப்புல ஒண்ணுன்னு பிரிச்சுப் போட்டிருக்கியே, அந்த வேலையைப் பார்த்தேன். பார்த்து எழுதாததுக்குச் சாட்சி இருக்க முடியும்னு எனக்கு யாரும் சொன்னதில்லை. ரெண்டாம் தடவையும் படிக்கச் சொன்னேன். அவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு.

அப்புறம் அந்தக் கத்தரி கேட்ட கேள்வியையும், அதுக்குக் கீழே நீ ஊமையா நிக்கிறதையும் பார்த்தேன். நான் சொன்ன சொல்லைக் காப்பாத்த நீ பொய்யன் மாதிரி நிக்கணுமா? அது எனக்கு ஒப்பலை.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். திட்டவில்லை. முழுவதும் எழுதுகிறேன். நீங்கள் எழுதியது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும், இங்கே அது விழுந்த விதம் தெரியாது.

காலையில் காபியோடு உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தேன். கத்தரியின் கேள்விக்குக் கீழே பஞ்சுருண்டையிடமிருந்து சில வரிகள்.

"நான் இவனுக்கு அக்கா. உறவைச் சொல்ல வேண்டாம்னு தடுத்தது நான். இவனுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசுல நான் உட்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தும் வரலை. உங்களுக்குச் சந்தேகம் இருந்தா என்னைக் கேளுங்க. எட்டுக்கட்டுல எந்தச் சுத்துல துணி நழுவும், ஏன் நழுவும், இப்பவே கேளுங்க. பதில் சொல்றேன்."

அவளைக் கூப்பிட்டேன். கரண்டியோடு வந்து படித்தாள். அக்கா, நூலகத்தில் எனக்கு மாலை போட்டு அனுப்பியபோதுகூட இப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. என் அக்கா என்று உலகமே பார்க்கும் பக்கத்தில் நீங்கள் எழுதிவிட்டீர்கள். என் பின்னால் ஒளியக்கூடாது என்றீர்களே, நான்தான் இத்தனை நாளும் உங்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன் என்று புரிந்தது.

கத்தரி இப்படிப் பதில் போட்டார்: "அம்மா, கேள்வி கேட்கிற அளவுக்கு எனக்குக் கட்டு தெரியாது. ஷூ லேஸே ஒழுங்கா கட்ட வராது. உங்க தம்பி வெச்சதை வரி வரியாப் பார்க்கிறேன்."

பார்த்தார். என்னைவிடக் கடுமையாகப் பார்த்தார். நான் கவனிக்காத இரண்டு இடங்களை அவரே கண்டுபிடித்தார். இரண்டும் நமக்குச் சாதகம். பிறகு சம்பந்தமில்லாத இன்னொரு நிர்வாகியிடமும் காட்டி, அவரும் சரியென்ற பின், பதினொன்றையும் கத்தரியே தன் கையால் மீட்டார். நகலெடுப்பவர் பட்டியல் பேச்சு முடிந்தது. உங்கள் பக்கத்தில் வந்து மன்னிப்பும் கேட்டிருக்கிறார்: "தளத்தோட அடியில இருந்த வருஷத்தைப் பார்த்தேன். உங்க கட்டுரையோட வரலாற்றைப் பார்க்கலை. என் தப்பு." அந்தத் தளத்துக்கும் அவரே கடிதம் எழுதி, விரல் நுனி வரியை எடுக்க வைத்துவிட்டார். நான் எழுதியபோது பதில் சொல்லாதவர்கள், அவர் எழுதியதும் மறுநாளே எடுத்தார்கள். எனக்கு அந்தக் கலை வராது.

ஒரே ஒரு குறை. அதைச் சொல்லாமல் மறைக்க எனக்கு மனமில்லை. நீக்கல் பதிவு என்று ஒன்று உண்டு. எதை, ஏன் நீக்கினோம் என்பது அதில் நிரந்தரமாக நிற்கும். "நீக்கப்பட்டது: பதிப்புரிமை மீறல்" என்ற வரி உங்கள் ஒவ்வொரு கட்டுரையின் பெயரிலும் அங்கே இருக்கும். அழிக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். நடந்ததை மறைப்பது எங்கள் விதிப்படி கூடாது. கத்தரியும் வருத்தப்பட்டார். அதற்கு மேலே, மீட்டதற்கான வரியும் காரணத்தோடு நிற்கிறது என்பதுதான் ஒரே ஆறுதல். என்னால் முடிந்தது அவ்வளவுதான். மன்னியுங்கள்.

வணக்கத்துடன்,
தம்பி


ஜூலை 18

என் தம்பிக்கு,

அக்காவின் ஆசி, உன் வீட்டுக்காரம்மாவுக்கும் சேர்த்து. இங்க எல்லாரும் சௌக்கியம். காதுக் கருவியைக் கழட்டி வெச்சிருக்கேன். பக்கத்து வீட்டு அம்மா நாலு நாளா வந்து அதே கதையைச் சொல்லச் சொல்றாங்க. சொல்றதுக்குக் காது எதுக்கு?

நீ வருத்தப்பட்டு எழுதின அந்தப் பதிவை மருமகளை அச்செடுத்துத் தரச் சொன்னேன். பதினொரு கட்டுரைக்கும். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டு வரி. கீழ் வரி, "நீக்கப்பட்டது: பதிப்புரிமை மீறல்." மேல் வரி, "மீட்கப்பட்டது: ஆராய்ந்து பார்த்ததில் இது இவருடைய சொந்த எழுத்தே." கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு மேல் வரியை நானே படிச்சேன். பதினொரு தடவை.

மருமக கத்தரிக்கோலை எடுத்துட்டு வந்தா. "கீழ் வரியை மட்டும் வெட்டிடறேன் அத்தே, மேல் வரியை மட்டும் வாசல் கதவுல ஒட்டலாம்"னா. வெட்டாதேன்னுட்டேன். கீழே அது இருக்கிறதாலதான் மேலே இது வந்துச்சு. உலகத்துல எத்தனை பேர் என்னென்னமோ எழுதுறாங்க, யாருக்காவது இது இவ சொந்த எழுத்துதான்னு ஆராய்ஞ்சு பார்த்து எழுத்துல குடுத்திருக்காங்களா? உனக்குக் குடுத்திருக்காங்களா? இல்லைல்ல? யாரும் உன்மேல சந்தேகப்படலை, அதனால உனக்குக் கிடைக்கலை. பொறாமைப்படாதே. ரெண்டு வரியோடவும் ஒட்டியாச்சு. பால்காரர்கூடப் படிச்சுட்டு, "மேடம், எழுதுவீங்களா?"ன்னார். எழுதுவேன்னேன்.

எழுதிட்டும் இருக்கேன். பன்னிரண்டாவது, தலைக்காயக் கட்டு. கஷ்டமான கட்டு, தலை உருண்டை, துணி நிக்காது. முதல் பாகம் முடிஞ்சுது. நீ இதைத் தொடாதே. உறவுக்காரன், விதி இருக்கு. பார்த்துக் குடுக்கச் சொல்லிக் கத்தரிக்கு எழுதியிருக்கேன். "சந்தேகப்பட்டே படிங்க"ன்னு சொல்லியிருக்கேன்.

உன்
அக்கா